முகவரியும் ஒரு நோய்க்குறி

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று திருவள்ளூருக்கு வாய்த்தது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த நாள் முதல், மருத்துவத்துக்குச் சென்னையையே நம்பி வாழ்ந்து பழகிய மாவட்டம் இது. குழந்தைக்கு நோய் சற்று முற்றினாலும், சென்னையின் குழந்தைகள் மருத்துவமனையைச் சுட்டி “எழும்பூருக்குக் கொண்டு போங்க” என்ற சொல்லையே கேட்டு வந்த மக்கள், தம் மாவட்டத் தலைநகரிலேயே மருத்துவர்கள் உருவாவதைக் கண்டார்கள். அவ்வாண்டு சேர்ந்த முதல் அணியினர் நான்கரை ஆண்டுப் படிப்பின் எல்லையைத் தொட்டு, பயிற்சி மருத்துவர்களாகப் பொறுப்பேற்கும் காலம் வந்திருக்கிறது. கட்டடம் எழுந்ததா, இடங்கள் நிரம்பினவா என்று கேட்டது போதும். அந்த மாணவர்கள் எவருக்குப் பின்னால் நடந்தார்கள், எதுவரை நடந்தார்கள் என்று இனிக் கேட்க வேண்டும்.

மருத்துவரின் பின்னால் நடந்து மருத்துவம் கற்பது நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவமும் நாட்டு வைத்தியமும் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் கைமாறி வந்தன. குறளின் ‘மருந்து’ அதிகாரம் நிறைவுறும் இடத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணைசெய்பவரையும் சேர்த்தே மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வகுக்கப்பட்டுள்ளன. சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது. 1875இல் பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அப்போது நுழைந்த மேரி ஷார்லீப் முதல் 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி வரை அனைவருக்கும் பாதிப் படிப்பு வார்டில்தான் நடந்தது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர், அதற்கு முன்பே ஒரு மருத்துவருடன் சில காலம் உடனிருந்து பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இங்கோ நீட் மதிப்பெண் ஒன்றே வாயில். நோயாளியை ஒருமுறையேனும் அருகில் பார்த்ததுண்டா என்று எவரும் கேட்பதில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் முதலாண்டிலேயே மாணவரை நோயாளியிடம் அழைத்துச் செல்லச் சொல்கிறது. தாமதமாக வந்தாலும் தக்க மாற்றம்.

குழந்தைகள் வார்டில் இந்தப் பின்தொடர்தல் தனித்தன்மை உடையது. பெரியவர் தம் வலியைத் தாமே சொல்வார். சற்று மிகைப்படுத்தியும் சொல்வார். எட்டு மாதக் குழந்தை அழும், அல்லது அழக்கூட வலுவின்றிக் கிடக்கும். தேர்ந்த குழந்தை மருத்துவர் வந்தவுடன் குழந்தையைத் தொடுவதில்லை. தாயின் மடியிலேயே இருக்கவிட்டு, சட்டையை மார்புவரை தூக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் பேசாமல் நிற்கிறார். பின்னால் நிற்கும் மாணவருக்கு முதல் நாளில் அது வெறும் மௌனமாகத் தெரியும். மருத்துவர் மூச்சை எண்ணுகிறார். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை 40 முறையோ அதற்கு மேலோ விட்டாலும் நிமோனியா என்று ஐயுற வேண்டும். விலாவுக்குக் கீழே மார்பு உள்வாங்குவதும் நிமோனியாவின் அறிகுறி. எக்ஸ்ரே வசதி எட்டாத பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் பணியாற்றிய ஃபிராங்க் ஷான் போன்ற மருத்துவர்களின் கூர்ந்த கவனிப்பிலிருந்து பிறந்து, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலாக வளர்ந்த எளிய முறை இது. இன்று நம் கிராம சுகாதாரச் செவிலியரும் இதைக் கொண்டுதான் குழந்தையின் உயிருக்கு ஆபத்து உண்டா என்று அறிகிறார்.

எண்ணி முடித்த பிறகே ஸ்டெதஸ்கோப் வெளியே வருகிறது. அதன் குளிர்ந்த வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் மார்பில் வைக்கிறார். கீழ் இமையை மெல்ல இறக்கிச் சோகை பார்க்கிறார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டு, அது எத்தனை விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதிலிருந்து உடலின் நீர் வற்றியதை அளக்கிறார். மேற்கையைச் சுற்றி நாடாவைப் பிடிக்கிறார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. காதையும் தொண்டையையும் கடைசியில்தான் பார்க்கிறார். முதலில் பார்த்தால் குழந்தை அலறும். பிறகு எதையும் கேட்க முடியாது. இந்த வரிசையை எந்த நூலும் மனத்தில் பதியவைக்காது. பத்து மருத்துவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தால் பதியும்.

இவ்வளவும் நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன என்பதில் நமக்கு ஐயமில்லை. குறை அடுத்த படியில் இருக்கிறது. “எத்தனை நாளாய்க் காய்ச்சல்?”, “பால் குடிக்கிறதா?”, “ஊசியெல்லாம் போட்டாச்சா?” என்ற கேள்விகள் வரிசையாக வரும். தாயும் “மூணு நாளாங்க டாக்டரம்மா” என்று தொடங்கிப் பதில் சொல்வாள். புறநோயாளிச் சீட்டின் மேற்பகுதியில் பெயர், வயது, ஊர் என்று மூன்று வரிகள் இருக்கும். ‘கும்மிடிப்பூண்டி’ என்று எழுத்தர் எழுதியிருப்பார். அந்தச் சொல்லைத் தாண்டிக் கண்கள் கீழே போய்விடும். தந்தை எந்தப் பட்டறையில் வேலை செய்கிறார், வேலை உடுப்போடுதான் வீட்டுக்கு வருகிறாரா, வீட்டின் அருகே என்ன எரிகிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர் அரிதாகவே உள்ளனர்.

1700இல் இத்தாலியின் பெர்னார்டினோ ராமாசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதியபோது, நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளின் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: என்ன தொழில் செய்கிறாய்? மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் பெரியவர்களின் வார்டில்கூட அக்கேள்வி சடங்காகவே கேட்கப்படுகிறது. குழந்தைக்குத் தொழில் இல்லையே என்பதால் குழந்தைகள் வார்டில் அது பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எழும்பூரிலேயே சான்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த, 800க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட எழும்பூர் குழந்தைகள் நல நிலையத்தின் வரலாற்றில் பேராசிரியர் எஸ்.டி.ஆச்சாரின் பெயர் நிலைத்தது. அவர் எழுதிய பாடநூலைப் படித்தே நாட்டின் பல கல்லூரிகளில் குழந்தை மருத்துவர்கள் உருவானார்கள். அவரையும் அவர் துணைவர்களையும் நெடுங்காலம் அலைக்கழித்த நோய் ஒன்று இருந்தது. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்லீரல் வீங்கி, கல்லாய் இறுகி, மஞ்சள் காமாலை கண்டு, சில மாதங்களில் உயிர் போய்விடும். இந்தியக் குழந்தைக் கல்லீரல் இறுக்கம் என்று உலக நூல்களிலேயே அதற்குப் பெயர். 1960இல் ஆச்சார் குழுவினர் அதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளை அது கொண்டுபோனதால் மரபுநோய் என்று பலர் கருதினர். வறுமை நோயும் அன்று. பசும்பாலுக்குக் குறைவில்லாத நடுத்தரக் குடும்பங்களிலும் குழந்தைகள் இறந்தார்கள்.

1979இல் பிரிட்டன் மருத்துவர் ஸ்டூவர்ட் டேனரும் புணே மருத்துவர்களும் நோயுற்ற குழந்தைகளின் கல்லீரலில் அளவுக்கு மீறிய செம்பு இருந்ததைக் காட்டினர். பிறகு சமையலறைக்குள் பார்த்தார்கள். கலாய் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பால் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து, பிறந்த சில வாரங்களிலேயே குழந்தைக்குப் புகட்டி வந்திருக்கிறார்கள். பாலின் புரதம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1983இல் அந்த முடிவு வெளியாயிற்று. பாத்திரம் மாறியது, எவர்சில்வர் ஏற்கெனவே வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்நோய் அரிதாகிவிட்டது. மரபுக்கும் பங்குண்டு என்று வாதிட்ட அறிஞர்கள் இருந்தனர். அது வேறு விவாதம். ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியிலும் செம்புப் பாத்திரத்தால் இதேபோன்ற நோய் குழந்தைகளைக் கொன்று, பாத்திரங்கள் மாறியபின் மறைந்தது. பல்லாண்டுகள் நுண்ணோக்கியின் கீழ் தேடிய காரணம் அடுப்பங்கரையில் இருந்தது. அக்காலத்து மாணவர் எவரேனும் அந்தத் தாயோடு வீடுவரை போயிருந்தால், எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வீடுவரை போனவர்களும் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் குழந்தைகள் மருத்துவமனையில் 1892 முதல் குழந்தைகளிடம் ஈய நச்சு காணப்பட்டு வந்தது. காரணம் தெரியவில்லை. அங்கே பணியாற்றிய லாக்ஹார்ட் கிப்சன் 1904இல் காரணத்தைச் சொன்னார்: வீட்டுத் திண்ணைக் கைப்பிடிகளில் பூசிய ஈய வண்ணம் வெயிலில் பொடியாகி, அதைத் தொட்ட குழந்தையின் விரல் வழியே வாய்க்குள் போகிறது. எவரும் எளிதில் ஏற்கவில்லை. குயின்ஸ்லாந்து அரசு சட்டம் இயற்ற 1922 வரை ஆயிற்று. சென்னையிலும் அதற்கு இணையான சான்று உண்டு. காசநோயாளியைச் சானட்டோரியத்தில்தான் வைக்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலத்தில், 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அவர்களின் எளிய வீடுகளிலேயே மருந்து கொடுத்தது. வீட்டிலிருந்தவர்களும் அவ்வாறே குணமடைந்தார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. பிறகு 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்குக் களமாக இருந்தது இதே திருவள்ளூர் வட்டாரந்தான். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுப்பதில்லை என்ற, எவரும் விரும்பாத உண்மையை இந்த ஊர்களின் மக்களே உலகுக்குச் சொன்னார்கள். குழந்தைகளின் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதற்காக அது இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. இந்த மண்ணில் மருத்துவம் வீடு வீடாகச் சென்ற வரலாறு உண்டு. புதிய கல்லூரியின் மாணவர்களுக்கு அது சொல்லப்படுகிறதா?

இனி கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். மாவட்டத் தலைநகரும் கும்மிடிப்பூண்டியும் வரைபடத்தில் ஒரே மாவட்டம். வாழ்க்கையில் வேறு வேறு திசை. திருவள்ளூர் அரக்கோணம் தடத்தில் மேற்கே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி கல்கத்தா தடத்தில் வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. இரண்டையும் நேராக இணைக்கும் ரயில் பாதை கிடையாது. பேருந்தில் பெரியபாளையம் வழியாகவோ ஊத்துக்கோட்டை வழியாகவோ சுற்றிப் போக வேண்டும். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் எதைத் தேர்வாள்? மின்சார ரயிலில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோ பிடித்து எழும்பூர் போவாள். ஆகவே, கும்மிடிப்பூண்டியின் நோய்ச் சித்திரம் திருவள்ளூர் வார்டிலும் முழுமையாக வராது. எழும்பூரிலோ ஆயிரம் ஊர்களின் குழந்தைகளோடு கலந்து கரைந்துபோகும். ஒரே தெருவிலிருந்து ஒரே வகை வயிற்றுவலியோடு ஐந்து குழந்தைகள் வந்தாலும், ஐவரும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு மருத்துவரிடம், வெவ்வேறு சீட்டில் வருவார்கள். அந்த ஐந்து சீட்டுகளையும் ஒன்றாகப் பார்ப்பவர் யார்?

1971இல் உருவான சிப்காட் நிறுவனம் அமைத்த பழைய தொழிற்பேட்டைகளுள் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. இரும்பு உருக்கும் மின் உலைகள், கம்பி இழுக்கும் ரோலிங் மில்கள், வேதிப்பொருள் ஆலைகள், வாகன உதிரிபாகப் பட்டறைகள் என்று நெடுஞ்சாலையின் இருபுறமும் பெருகின. பின்னர் தேர்வாய் கண்டிகையில் இன்னொரு பேட்டை வந்தது. பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் பிரிக்கும் தொழிலும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. வேலைக்கு ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வரிசை வரிசையான ஒற்றை அறைகளில் வாழ்கிறார்கள். ஊருக்குள்ளேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. சற்றுத் தெற்கே, மேற்கே போனால் செங்கற்சூளைகள். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து தம் ஊர் அறுவடைத் திருநாளுக்குப் பின் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, மழைக்கு முன் திரும்பிப் போகிறவர்கள் அங்கே செங்கல் அறுக்கிறார்கள். கணவன், மனைவி, பிள்ளை சேர்ந்ததுதான் அங்கே ஒரு கூலிக் கணக்கு. அந்தப் பிள்ளை எந்த அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும்?

இந்தச் சூழலில் ஈயம் பற்றி ஒரு சொல். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உறுதியான நிலை. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால் பெரியவரைவிடக் குழந்தையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினர் சோகையுள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஈயம் ஏறிய குழந்தைக்கு அதற்கென்று தனித்த நோய்க்குறி கிடையாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், வெளிறல், பசியின்மை, காரணமற்ற எரிச்சல், பள்ளியில் மந்தம். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் எழுதப்படும். அந்த மருந்துச் சீட்டில் பிழையொன்றும் இல்லை. ஆனால் தந்தையின் வேலை உடுப்பிலிருந்து உதிரும் தூசு நாளையும் அந்த அறையில் உதிரும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னை நகரில் மூன்று முதல் ஏழு வயதுள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சராசரி ஈய அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். 5 மைக்ரோகிராமை எட்டினாலே மூலத்தைக் கண்டறிந்து நீக்க வேண்டும் என்று இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஆய்வில் அளவு கூடியவர்களிடம் கவனச்சிதறலும் நடத்தைச் சிக்கலும் கூடுதலாகக் காணப்பட்டன. 2000இல் நாடு முழுதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபிறகும் நிலைமை அது. தொழிற்பேட்டையின் ஓரத்தில் வாழும் குழந்தைகளின் நிலை என்ன?

எந்த ஆலையின் மீதும் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. ஆலைகளால் இந்த வட்டாரத்தில் அடுப்பெரிகிறது; அதை மறப்பது நன்றி மறப்பது. ஆனால் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கு உண்டு. நம்பிக்கையோடு இயங்கும் ஆலைக்கும் அந்தச் சோதனை நன்மையே செய்யும்.

மருத்துவ மாணவரை ஊருக்குள் அழைத்துச் செல்ல வேண்டும் என்று சொல்வதில் நாம் முதல்வர் அல்லோம். 1946இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு சொன்னது. 1975இல் ஸ்ரீவஸ்தவா குழு சொன்னது. அதன் பேரில் 1977இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் சில வட்டாரங்களை ஏற்று நடத்தும் திட்டம் தொடங்கியது, நாளடைவில் அது வலுவிழந்தது. 2022 முதல் தேசிய மருத்துவ ஆணையம் ஒவ்வொரு மாணவரும் சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுதும் தொடர வேண்டும் என்கிறது. நோக்கம் உயர்ந்தது. அதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டுமென்றால், நிலையாக ஓரிடத்தில் இருக்கும் குடும்பத்தையே கல்லூரி தேர்ந்தெடுக்கும், அதுதான் வசதி. சூளைக் குடும்பம் ஆறு மாதத்தில் போய்விடும். ஒற்றை அறை வாடகைக் குடும்பம் வேலை மாறினால் அறை மாறும். எவருக்கு மருத்துவரின் கண் மிகவும் தேவையோ அவரே மாணவரின் பதிவேட்டிலிருந்து நழுவுவார். திருவள்ளூர்க் கல்லூரி இதில் விழிப்போடு இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. குழந்தைகள் நலப் பிரிவில் பயிற்சி பெறும் ஒவ்வொரு மாணவர் குழுவும், அந்தச் சில வாரங்களில் சில நாள்களைக் கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனையில், அங்குள்ள மருத்துவரின் பின்னால் கழிக்கட்டும். காலையில் புறநோயாளிப் பிரிவில் பார்த்த ஒரு குழந்தையின் வீட்டுக்கு, பெற்றோர் இசைந்தால், மாலையில் கிராம சுகாதாரச் செவிலியரோடு போகட்டும். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் செல்லும், குழந்தை நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவ ஊர்தியில் இரண்டு மாணவருக்கு இடம் கிடைக்காதா? அந்த ஊர்தி சூளைப் பருவத்தில் சூளைகளுக்கும் போனால் இன்னும் நல்லது. இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்க மாதிரி எடுத்து அனுப்பும் ஏற்பாடு மாவட்டத்திலேயே இருக்க வேண்டும். முதுநிலை மருத்துவ மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. சென்னைக் கல்லூரிகளின் குழந்தை மருத்துவ மாணவரை இங்கே அனுப்பினால், எழும்பூரில் தாம் பார்த்த குழந்தை எந்த வாசலிலிருந்து வந்தது என்பதை அவர்களும் அறிவார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒடியாவும் இந்தியும் மட்டுமே தெரிந்த தாயிடம் தமிழில் உரக்கக் கேட்டால் அவளுக்குப் புரிந்துவிடப் போவதில்லை. பல வார்டுகளில் இன்று பக்கத்துப் படுக்கைக்காரரோ, ஆறாம் வகுப்புப் படிக்கும் மூத்த பிள்ளையோதான் மொழிபெயர்ப்பாளர். தம்பியின் வயிற்றுப்போக்கை மருத்துவரிடம் விளக்கும் சுமை பதினோரு வயதுச் சிறுமிக்கு வேண்டாம். அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த மாணவர்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். நம் மாணவருக்கு அவர்களும், அவர்களுக்கு நம் மாணவரும் நாவாக இருக்கலாம்.

எதிர்ப்பு ஒன்று வரும் என்பதை அறிவோம். “ஒரு காலையில் நூற்றுக்கணக்கில் குழந்தைகளைப் பார்க்கிறோம், ஒவ்வொருவரிடமும் தகப்பன் தொழிலை விசாரிக்க நேரம் ஏது?” என்று மருத்துவர்கள் கேட்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் அரசு மருத்துவர்களின் பணிச்சுமை அறியாதார் எவருமில்லை. ஆனால், அதற்காகத்தானே பின்னால் ஒரு மாணவர் நிற்கிறார்! மருத்துவருக்கு இல்லாத நேரம் மாணவருக்கு உண்டு. அவர் கையில் மருந்து எழுதும் உரிமை இல்லை. கேட்கும் ஓய்வு இருக்கிறது. ஈய நச்சு என்ன, கொசுவலை இல்லாத அறை என்ன, கழிவுநீர் கலந்த குழாய் என்ன, முதலில் காதில் விழும் வாய்ப்பு அவருக்கே அதிகம்.

அந்த வாய்ப்பை மதிப்போடு பயன்படுத்தவும் கற்பிக்க வேண்டும். ஒரு குழந்தையின் வயிற்றை எட்டுப் பேர் வரிசையாக அமுக்கிப் பார்ப்பதும், தாயைக் கேளாமலே போர்வையை விலக்குவதும், ஆங்கிலத்தில் நோயைப் பேசிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்வதும் நம் போதனா மருத்துவமனைகளில் நெடுநாள் பழக்கம். இலவசமாக வைத்தியம் பெறும் ஏழை, தன் பிள்ளையைப் பாடப்பொருளாகத் தர வேண்டும் என்ற எழுதாத ஒப்பந்தம் எங்கும் இல்லை. “அம்மா, இவங்க படிக்கிற பிள்ளைங்க. உங்க குழந்தையைப் பார்க்கலாமா?” என்று மருத்துவர் ஒருமுறை கேட்டால், மாணவர் அதைத் தம் வாழ்நாள் முழுதும் கேட்பார். கேளாமல் விட்டால், அதையும் அப்படியே கற்றுக்கொள்வார்.

அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. அதன் பயனாகக் கல்லூரிக்குள் நுழைந்தவர்களில் கூலித் தொழிலாளரின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பட்டறையிலிருந்து கரிபடிந்த சட்டையோடு வீடு திரும்பும் தந்தையை அவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவர்கள் அறிந்ததை வகுப்பறை மதிக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்தும் பேராசிரியர், வார்டிலேயே சிறந்த சாட்சியை வாய்மூட வைக்கிறார்.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் முதல்வருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் நம் வேண்டுகோள் இது. குழந்தைகள் பிரிவின் நோயாளிப் பதிவுத் தாளில், ஊர்ப்பெயருக்குக் கீழே, பெற்றோரின் தொழில், பணியிடம், வீட்டைச் சுற்றியுள்ளவை ஆகியவற்றுக்கு ஒரு வரி சேருங்கள். அதை நிரப்பும் பொறுப்பை மாணவரிடம் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாள்களை ஊர்வாரியாக அடுக்கிப் பாருங்கள். எழும்பூர் மருத்துவமனையும் கும்மிடிப்பூண்டி வட்டக் குழந்தைகளின் விவரத்தை மாவட்டத்துக்கு அனுப்பி வைக்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. அடுத்த மாணவர் அணி குழந்தைகள் வார்டுக்குள் நுழையும் முன் இந்த ஆணை வெளியாக வேண்டும்.